படகில் போனால் புலி தெரியுமா?

இலங்கையின் யால தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களின் கைப்பேசியில் சிறுத்தை இருக்கும். பேராக்கின் ரோயல் பெலும் பூங்காவுக்குப் போய்வந்தவர்களின் கைப்பேசியில் ஏரி இருக்கும். ஈப்போவிலும் தைப்பிங்கிலும் இரண்டையும் பார்த்த குடும்பங்கள் உண்டு. ரயில்வேயிலும் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்க வந்த யாழ்ப்பாணத்துத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் ஊர் பார்க்க இலங்கை போகிறார்கள். அப்படியே தெற்கே இறங்கி யாலவில் ஒரு ஜீப் சவாரி. விடிந்ததும் உள்ளே நுழைந்தால் வெயில் ஏறுவதற்குள் யானை, முதலை, புள்ளிமான் கூட்டம், எருமை, மயில் எல்லாம் கண்ணில் படும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறைமேல் படுத்திருக்கும் சிறுத்தையும். அடுத்த பள்ளி விடுமுறைக்கு அதே குடும்பம் கிரிக் வழியாகப் பெலும் போகிறது. படகு வீட்டில் இரண்டு இரவு. பார்த்தது என்னவென்றால் மூடுபனி, தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள், ஒரு ரப்லேசியாப் பூ, தலைக்கு மேலே பறந்து போன ஒரு ஜோடி இருவாச்சி, காலில் அட்டை கடித்த இடம். வீடு திரும்பியதும் தீர்ப்பு வருகிறது: "அங்க ஒண்ணும் இல்லீங்க."

உயிரினப் பட்டியலை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இலங்கைத் தீவில் புலி கிடையாது. தாப்பிர், காட்டுமாடு, செந்நாய், சூரியக் கரடி, கிப்பன் குரங்கு எதுவும் இன்று கிடையாது. பெலுமில் இத்தனையும் உண்டு. போதாக்குறைக்கு யானையும் சிறுத்தையும் உண்டு. மலேசியாவில் வாழும் பத்து வகை இருவாச்சிகளும் பெலும்–தெமெங்கோர் காடுகளில் பதிவாகியிருக்கின்றன. வகைகள் மிகுந்த காட்டில் ஒன்றும் கண்ணில் படவில்லை. வகைகள் குறைந்த காட்டில் விலங்குகள் வழிமறித்து நிற்கின்றன. ஏன்?

முதலில் தண்ணீர். யால, தீவின் தென்கிழக்கு வறண்ட வலயத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டு மழை சுமார் 1,000 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். நடு ஆண்டு முழுக்க முள்காடு காய்ந்து கிடக்கும், குளங்கள் சுருங்கும். எஞ்சிய தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே மானும் யானையும் வந்தே ஆக வேண்டும். மான் வரும் இடத்துக்குச் சிறுத்தையும் வரும். ஜீப் ஓட்டுநருக்குக் காடு தெரிய வேண்டியதில்லை. குளங்களின் பெயர் தெரிந்தால் போதும். இங்கேயோ ஈப்போவில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது, தைப்பிங்கில் 4,000 வரை. இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் அது. ஒவ்வொரு மலை மடிப்பிலும் ஓடை ஓடும் காட்டில் எந்த விலங்கும் தண்ணீருக்காக ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வர வேண்டிய கட்டாயமே இல்லை.

அடுத்தது வெளிச்சம். முதிர்ந்த மழைக்காட்டின் உச்சியில் விழும் வெயிலில் தரைக்கு வந்து சேர்வது நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். அந்த வெளிச்சத்தில் புல் முளைக்காது. மெராந்தி, செங்கால் போன்ற மரங்கள் 40, 50 மீட்டர் உயரத்தில் இலை விரித்து உணவை எல்லாம் அங்கேயே தயாரித்து, அங்கேயே வைத்துக்கொள்கின்றன. ஆகவே அந்தக் காட்டின் கூட்டமும் கூச்சலும் மேலே இருக்கின்றன: குரங்கு, அணில், இருவாச்சி, வௌவால், எண்ணிலடங்காப் பூச்சிகள். தரையில் வாழும் விலங்குக்கு மேலேயிருந்து விழுவதுதான் சாப்பாடு. அதுவும் ஒழுங்காக விழுவதில்லை. இந்தப் பெருமரங்களில் பல, ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, எல் நினோ போன்ற பருவ மாற்றம் ஒன்று தூண்டியதும் காடு முழுக்க ஒரே நேரத்தில் பூத்துக் காய்த்துக் கொட்டுகின்றன. தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டினால் சில விதையாவது பிழைக்கும் என்பது மரத்தின் கணக்கு. இடைப்பட்ட ஆண்டுகளில் பன்றிக்கும் மானுக்கும் பஞ்சம். கைக்கு எட்டுகிற இலையையாவது தின்னலாம் என்றால், நிழலில் மெதுவாக வளரும் செடி தன் ஒவ்வோர் இலையையும் நாராலும் துவர்ப்பாலும் நஞ்சாலும் காத்துக்கொள்கிறது.

பச்சை இருக்கும் இடமெல்லாம் தீனி இருக்கும் என்று நினைப்பது நம் பழக்கம். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். மழைக்காட்டின் தரையில் அதைத் திரட்ட அது நடந்துகொண்டே இருக்க வேண்டும். இதனால்தான் பெரிய காட்டில் யானைகள் குறைவாகவும் பரவலாகவும் இருக்கின்றன. இருக்கிற ஒன்றும் இருபது மீட்டருக்கு அப்பால் நின்றால் தெரியாது. சத்தமில்லாமல் நின்றால் பத்து மீட்டரிலேயே தெரியாது.

இலங்கையில் யானைகளை நூற்றுக்கணக்கில் பார்க்க ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாவுக்குப் போவார்கள். ஏரியின் நீர் வடிய வடிய, ஈர மண்ணில் இளம்புல் முளைக்கிறது; அந்தப் புல்லுக்காகச் சுற்றுவட்டாரத்து யானைக் குடும்பங்கள் எல்லாம் வந்து கூடுகின்றன. உலகப் புகழ்பெற்ற இந்த இயற்கைக் காட்சி நடக்கும் இடம், மகாசேனன் என்ற அரசன் மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய குளம். யாலவிலும் பழைய உருகுணை நாட்டின் குளங்களும் குடியிருப்புகளும் இருந்த நிலத்தில்தான் இன்று ஜீப்புகள் ஓடுகின்றன. சவாரிக்கு வசதியான திறந்தவெளியை அங்கே பாதி வானிலை செய்தது, பாதி மனிதன் செய்தான். மனிதன் காட்டைத் திறந்தால் அந்த ஓரத்துக்கு விலங்கு வரும்.

அப்படியானால் பேராக்கில் காட்டைத் திறந்தவர்கள் யார்? ஒரு பங்கு தோட்டத்தில் உழைத்த நம்மவர்களுடையது.

1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்னும் நிற்கிறது என்று காட்டுகிறார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் ஈயத்துக்காகத் தோண்டியது, ரயிலுக்காக வெட்டியது, ரப்பருக்காக எரித்தது எல்லாம் சேர்ந்து பேராக்கின் சமவெளிக் காடு போயிற்று. தெலுக் இந்தானில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1894 செப்டம்பர் 17ஆம் தேதி தன் கூட்டத்தைக் காக்க ரயிலை எதிர்த்து வந்து மோதி, அதைத் தடம் புரளச் செய்து, செத்துப்போன ஒரு கொம்பன் யானைக்கு வைத்தது. ரயிலுக்கு வழிவிட்டிருக்கலாமே என்று தோன்றும். அந்த ஊருக்கு ரயில் வந்து அப்போது ஓரிரு வருடம்தான். யானைகள் எத்தனை தலைமுறையாக அந்த வழியில் நடந்தனவோ!

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு யானை பார்க்கச் சவாரி தேவைப்படவில்லை. காட்டை ஒட்டிய தோட்டங்களில், சுங்கை சிப்புட் பக்கமும் கிரிக் பக்கமும், புதுநடவு நட்டால் யானை வரும் என்பது மண்டோருக்கும் தெரியும், பால்வெட்டுகிற பெண்ணுக்கும் தெரியும். முற்றிய பால்மரத்தை அது பெரிதாகச் சட்டை செய்யாது. இளங்கன்றை வேரோடு பிடுங்கும். லயத்துக்குப் பின்னால் வைத்த வாழையை அடியோடு சாய்த்துத் தண்டைப் பிளந்து தின்னும். ராத்திரி தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள், தீப்பந்தம் பிடிப்பார்கள். காலையில் பிரட்டுக்கு வரும்போதே எத்தனை வந்தது, எந்தப் பக்கம் போனது என்ற விவரம் கைக்கு வந்திருக்கும். சாணத்தில் கை வைத்துச் சூடு பார்த்து நேரம் சொல்வது ஒரு வித்தை. இன்னொரு வித்தை அதைவிடத் துல்லியமானது. ஈர மண்ணில் பதிந்த முன்கால் தடத்தைச் சுற்றி ஒரு நூலை வையுங்கள். அந்த நீளத்தின் இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம், கொஞ்சம் முன்னே பின்னே. நூல் 135 சென்டிமீட்டர் என்றால் வந்துபோனது ஏறக்குறைய ஒன்பதடி யானை. இந்தக் கணக்கு ஆசியா முழுவதிலும் பாகர்களுக்குத் தெரியும். உயிரியலாளர்களும் அளந்து பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டார்கள்.

புலியோடு தோட்டத்தாருக்கு இருந்த உறவு கடிகாரத்தைப் பொறுத்தது. ரப்பர் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் விடிவதற்கு முன்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கி, பால் சொட்டுவது குறையும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு நிறையில் இறங்கினார்கள். அந்த இருட்டிலேயேதான் புலியும் பன்றி தேடித் திரியும். மரத்தின் உடலியலும் புலியின் உடலியலும் ஒரே நேரத்தைத் தேர்ந்தெடுத்தது, நடுவில் மாட்டிய மனிதனின் துரதிர்ஷ்டம்.

பன்றி ஏன் அங்கே இருந்தது என்பதற்கும் விடை ஓரம்தான். நெகிரி செம்பிலானில் பாசோ என்ற சிறு காடு இருக்கிறது. மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். அங்கே 1996இல் எண்ணிப் பார்த்தபோது சதுர கிலோமீட்டருக்கு 47 காட்டுப்பன்றிகள் என்று கணக்கு வந்தது. பெருங்காட்டில் நினைத்தும் பார்க்க முடியாத எண்ணிக்கை. ராத்திரி தோட்டத்தில் செம்பனைப் பழம், பகலில் காட்டில் நிழல். காடு தராத சோற்றை ஓரம் தருகிறது.

யானைக்கும் இதே கதைதான் என்பதை இப்போது ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைகள் காட்டுகின்றன. தீபகற்ப மலேசியாவிலும் போர்னியோவிலும் 102 யானைகளைப் பின்தொடர்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, அவை நடமாடும் இடத்தில் பாதிக்கும் மேல் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. விரட்டியடிக்கப்பட்டு வெளியே வந்தவை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வெட்டித் திறந்த இடத்தில் வெயில் விழுகிறது. வெயிலில் புல், மூங்கில், காட்டுவாழை, வேகமாக வளரும் மென்மையான இலைகள் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் வருகின்றன. தெமெங்கோர் பக்கம் யானைச் சாணத்தை அலசிப் பார்த்தவர்கள் சாலையோரச் சாணத்தில் புல் நிறையவும், காட்டுக்குள் கிடந்ததில் கட்டை நாரும் மரப்பட்டையும் நிறையவும் இருப்பதைக் கண்டார்கள். எங்கே நல்ல சாப்பாடு என்று யானையைக் கேட்டால் சாலையோரத்தைக் காட்டும்.

1974 வரை இதற்கு அரசாங்கத்தின் பதில் பெரும்பாலும் துப்பாக்கிதான். அந்த ஆண்டு பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறை யானைகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, பிடித்து இடம் மாற்றும் வழிக்கு வந்தது. மயக்க ஊசி போட்டு, பழகிய யானைகளை இருபுறமும் அணைத்து நடத்தி, லாரியில் ஏற்றிப் பெருங்காட்டில் விடுவார்கள். இப்படி நூற்றுக்கணக்கான யானைகள் இடம் மாறியிருக்கின்றன. பேராக்கில் பிடிபட்டவற்றில் பல பெலும் காட்டில் இறக்கப்பட்டன. சுட்டதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஓரத்துப் புல்லில் வளர்ந்த யானையைக் கொண்டுபோய் நிழல் காட்டில் விட்டால் அது மறுபடி ஓரத்தைத் தேடும் என்பதில் வியக்க ஒன்றுமில்லை.

தோட்டங்களின் கதை நமக்குத் தெரியும். ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புத் திட்டமானது, லயத்தில் இருந்தவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். விலங்கைத் தினம் பார்த்த ஒரு தலைமுறை, விடுமுறைக்குக் காசு கட்டிப் பார்க்கப் போகும் பேரப்பிள்ளைகளைப் பெற்றிருக்கிறது. விலங்கைத் தினம் பார்த்த அந்தத் தலைமுறையில் எவரிடமும் போய் யானையின் உணவுப் பழக்கம் பற்றி யாரும் முறையாகக் கேட்டு எழுதி வைத்ததாகத் தெரியவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத குறை.

இனிப் பெலும். 1970களில் பேராக் ஆற்றின் மேற்பகுதியில் தெமெங்கோர் அணை எழும்பியது. பள்ளத்தாக்கு மூழ்கி 15,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட ஏரியானது. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாயின. இன்று படகு புறப்படும் பண்டிங் தீவு அப்படிப் பிறந்ததுதான். ஜஹாய், தெமியார் ஓராங் அஸ்லி மக்களின் ஊர்களும் தண்ணீருக்குள் போயின. கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் நடமாடிய எல்லைப் பகுதி என்பதால் நெடுங்காலம் வெளியார் நுழைய முடியாத இடமாக இருந்தது. மரம் வெட்டுகிறவர்களும் நுழையவில்லை. காட்டைக் காத்த பெருமையில் ராணுவ முள்வேலிக்கும் ஒரு பங்கு உண்டு. 1982இல் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை திறந்தது. சாலைக்கு வடக்கே 1,17,500 ஹெக்டேர் காடு 2007இல் ரோயல் பெலும் பூங்கா என்று சட்டப் பாதுகாப்புப் பெற்றது. பேச்சில் தேசியப் பூங்கா என்கிறோம். சட்டப்படி அது பேராக் மாநிலப் பூங்கா. தெற்கே தெமெங்கோர், பெரும்பாலும் மரம் எடுக்கும் ஒதுக்கக் காடாகவே நீடிக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரே காடு, நடுவில் ஒரு கோடு.

இந்தக் காட்டைக் கண்ணால் மட்டும் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். காதோடு போக வேண்டும். விடியலில் கிப்பன்கள் பாடும். ஒரு பெண் கிப்பனின் குரல் ஏறி ஏறி உச்சிக்குப் போய் உடைந்து இறங்குவதை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கேட்கலாம். இதில் பேராக்குக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. கெடாவின் மூடா ஆற்றுக்கும் பேராக் ஆற்றுக்கும் இடைப்பட்ட காடுகளில் கருங்கைக் கிப்பன் வாழ்கிறது. பேராக் ஆற்றைத் தாண்டினால் வெள்ளைக்கைக் கிப்பன். கிப்பனுக்கு நீந்தத் தெரியாது. ஆறு அகலமாக ஓடும் வரை இரண்டு இனமும் எதிரெதிர்க் கரையில் தனித்தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். ஆறு ஒடுங்கும் தலைப்பகுதிகளில், மூடாவின் மேற்பகுதி போன்ற இடங்களில், கலப்பினக் குடும்பங்களைக் கண்டிருக்கிறார்கள். அந்தக் கலப்பினப் பெண்களின் பாட்டு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தாயைக் கேட்டுப் படித்ததென்றால் தாயின் பாட்டுத்தானே வர வேண்டும்? பாட்டு பிறவியிலேயே எழுதப்பட்டது என்பதற்கு இது நல்ல சாட்சி.

பகல் கொஞ்சம் ஏறியதும் தலைக்கவச இருவாச்சி கூவத் தொடங்கினால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஒவ்வொரு கூவலாக இடைவெளி விட்டு வந்து, வேகம் கூடி, கடைசியில் பெருஞ்சிரிப்பாக வெடிக்கும். மாமியார் இருக்கும் வீட்டின் தூண்களைக் கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகன்தான் பறவையானான் என்பது மலாய்க்காரர்களின் கதை. அதன் அலகின்மேல் இருக்கும் கெட்டியான கொம்புக்காகவே அதைச் சுட்டுச் சுட்டு இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இன்னொரு இருவாச்சி இனம் கூட்டங்கூட்டமாக ஏரியைக் கடந்து கூடடைய வரும்; ஒரே மாலையில் 2,000க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். பெலுமில் "கூட்டம்" என்று சொல்லத்தக்க ஒரே காட்சி அது.

யாலவின் குளத்துக்கு இணையாக இங்கே ஒன்று உண்டென்றால் அது சிரா. உப்பு மண் ஊறும் சேற்றிடங்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். கடலிலிருந்து தள்ளி, ஓயாத மழை பெய்யும் மலைக்காட்டில் சோடியம் மண்ணிலிருந்து கழுவப்பட்டுப் போய்விடுகிறது. செடிக்குச் சோடியம் அவ்வளவாகத் தேவையில்லை, ஆகையால் இலையிலும் அது இருப்பதில்லை. இலை தின்னும் விலங்குக்கோ நரம்பும் தசையும் இயங்க அது இல்லாமல் முடியாது. தண்ணீருக்கு அலையாத யானையும் கடமானும் காட்டுமாடும் தாப்பிரும் உப்புக்கு அலைகின்றன. களிமண்ணைச் சேர்த்து விழுங்கினால் இலையின் நஞ்சும் ஓரளவு கட்டுப்படும். சிராவின் ஓரத்து மரங்களைப் பாருங்கள்: ஆள் உயரத்துக்கும் மேலே சேறு தேய்த்திருந்தால் யானை முதுகு சொறிந்தது. சேற்றில் மூன்று விரல் தடமும் நான்கு விரல் தடமும் கலந்து கிடந்தால் தாப்பிர். பின்காலில் மூன்று, முன்காலில் நான்கு. வருகிறவை பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன. படகில் இருந்தபடி விளக்கடித்துக் கரையோரம் பார்க்கிறார்களே, அதில் மின்னுவது விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பிரதிபலிப்புப் படலம். ஒருமுறை விழித்திரையைக் கடந்த ஒளியை அது திருப்பி அனுப்பி மறுமுறை பயன்படுத்துகிறது. நமக்கு அது இல்லை. இருட்டில் நமக்கு விளக்கு வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சிறுத்தை? யாலவில் புலி இல்லாததால் சிறுத்தைதான் ராஜா. பட்டப்பகலில் பாறையில் படுக்கும், ஜீப் பாதையில் நடக்கும். பெலுமில் மேலே புலி இருக்கிறது. கீழ்நிலை அதிகாரி போலச் சிறுத்தை ஒதுங்கி வாழ்கிறது. போதாததற்கு இங்கே சிறுத்தை கறுப்பு. 1996க்கும் 2009க்கும் இடையில் தீபகற்பத்திலும் தென் தாய்லாந்திலுமாக 22 இடங்களில் வைத்த தானியங்கிக் கேமராப் படங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிரா குறுநிலத்துக்குத் தெற்கே எடுத்த படங்களில் ஒன்றில்கூடப் புள்ளிச் சிறுத்தை இல்லை. உலகின் மற்ற இடங்களில் கருஞ்சிறுத்தை அபூர்வம். இங்கே புள்ளிச் சிறுத்தை அபூர்வம். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்த மரபணு வடிவம் சேர்ந்து வந்தால்தான் குட்டி கறுப்பாகும். ஒரு நிலப்பகுதி முழுக்க அப்படி ஆகியிருக்கிறதென்றால் இருண்ட காட்டில் கறுப்பு கைகொடுத்திருக்க வேண்டும், அல்லது முன்னொரு காலத்தில் கூட்டம் சுருங்கி எஞ்சிய சிலவற்றின் வாரிசுகளாக இவை இருக்க வேண்டும். விவாதம் முடியவில்லை.

கறுப்பில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. எத்தனை சிறுத்தைகள் என்று எண்ண, படத்தில் உள்ள புள்ளிகளை ஒப்பிட்டு இது வேறு அது வேறு என்று பிரிப்பார்கள். எல்லாம் கறுப்பென்றால் எப்படிப் பிரிப்பது? திரங்கானுவில் வேலை செய்த ஆய்வாளர்கள் எளிய தந்திரம் ஒன்று செய்தார்கள். கேமரா பகலில் சாதாரணப் படமும் இரவில் அகச்சிவப்புப் படமும் எடுக்கும். பகலிலும் அது இரவென்றே நம்பும்படி ஒளி உணரியை மறைத்துவிட்டார்கள். அகச்சிவப்பு ஒளியில் கறுப்புத் தோலுக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. 2015இல் அந்த முடிவுகள் வெளியாயின.

புலி விஷயத்தில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, நாட்டில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகச் சொன்னது. பெலும்–தெமெங்கோரில் 2009க்கும் 2018க்கும் இடையில் எண்ணிக்கை பாதிக்கும் மேல் விழுந்தது. காடு அப்படியே நிற்கிறது. உள்ளே கம்பிக் கண்ணிகள். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி அளவு தடிமனுள்ள ஒரு கம்பி, வளையும் ஒரு இளமரம், மேலே சருகு. விலை சில வெள்ளி. மாட்டியது புலியா மானா கரடியா என்று அது பார்ப்பதில்லை. கண்ணிகளைத் தேடிப்பிடித்து அகற்றும் குழுக்களில் ஜஹாய் ஆட்கள் முன்னணியில் இருக்கிறார்கள்; வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குச் சருகாகத் தெரிவது அவர்களுக்குச் சருகாகத் தெரிவதில்லை.

ஆகவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: தெரியாது, அனேகமாக வாழ்நாளில் ஒருமுறைகூட. புலிப் படம் போட்டுப் பயண விளம்பரம் செய்கிறவர்கள் பொய்யைத்தான் விற்கிறார்கள். கட்டாயம் விலங்கு பார்க்க வேண்டும் என்று குழந்தை அடம் பிடித்தால் 1961இல் தொடங்கிய தைப்பிங் விலங்குக்காட்சிச் சாலையின் இரவுச் சவாரிக்கு அழைத்துப் போங்கள், குற்றமில்லை. அல்லது கோல குலாவின் சேற்றுக்கரைக்குப் போங்கள். மரமில்லாத இடம், பறவைகள் கண்முன்னே நிற்கும். பெலுமுக்குப் போனால் ஜஹாய் வழிகாட்டியோடு நடந்து, தடம் பார்க்கக் கற்றுக்கொண்டு, விடியலில் வாயை மூடிக் கேட்டுவிட்டு வாருங்கள். சுற்றுலாவுக்காகக் காட்டுக்குள் புல்வெளி வெட்டி யானை காட்டலாம் என்று அவ்வப்போது யாராவது கிளப்புவார்கள். வேண்டாம். ஓரங்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கின்றன.

அவற்றுள் மிக நீளமான ஓரம் அந்தக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலைதான். கழுத்துப்பட்டை அணிந்த யானைகளைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, காட்டுச் சாலைகள் யானைகளின் குறுக்கு நடமாட்டத்தைச் சுமார் 80 விழுக்காடு குறைத்துவிடுகின்றன என்று கணக்கிட்டது. ஆனால் அதே யானைகள் சாலையோரப் புல்லுக்காகச் சாலையருகிலேயே சுற்றுகின்றன. கடக்கத் தயங்கும் இடத்திலேயே தீனியும் இருப்பதுதான் ஆபத்து. விலங்குகள் அடியில் நடந்து போகட்டும் என்று கிரிக் அருகே சாலையைத் தூக்கிப் பாலமாகவும் கட்டியிருக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைக்கு ஒரு பாலம். 2025 மே 11 அதிகாலையில் ஒரு குட்டி யானை அந்தச் சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தது. தாய் தலையை லாரியில் முட்டிக்கொண்டு நகராமல் நின்றதை நாடே கைப்பேசியில் பார்த்தது.

அங்கே யானைகள் சாலையைக் கடப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு தடவை மாலை 7 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்கிறது. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகிறவர்கள், கிளந்தானிலிருந்து திரும்புகிறவர்கள், இருட்டுவதற்குள் கடந்துவிடப் பாருங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். சாலையோரத்தில் யானையைக் கண்டால் படமெடுக்க இறங்காதீர்கள்.